வாசலில் ஒரு சிவப்பு

"அம்மா, பதில் சொல்லாம இருந்தா முடியாதுன்னு அர்த்தமா?"

கேட்டது ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள். பள்ளிக்குக் கிளம்புகிற நேரம். ஒற்றைக் காலில் மட்டும் ஷூ போட்டுக்கொண்டு சமையலறை மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "இன்னிக்கு என் கூட வகுப்பு வாசல் வரைக்கும் வர்றியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். அம்மாவின் கண் லேப்டாப்பில் இருந்தது. காதும் அங்கேதான் இருந்தது போலிருக்கிறது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் குழந்தை இந்த இரண்டாவது கேள்விக்கு வந்தாள். அதில் கோபம் இல்லை. கணக்குப் போட்டுவிட்டு விடை சரியா என்று கேட்பது போல இருந்தது.

அம்மா நிமிர்ந்தாள். "அப்படி அர்த்தம் இல்லடா கண்ணு. அம்மா கவனிக்கல, அவ்வளவுதான்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

லேப்டாப்பை மூடப் போனவள், திரையில் இருந்த வரியை இன்னொரு முறை படித்தாள். "நீண்ட நாட்களாக அசைவு இல்லாததால் இது மூடப்படுகிறது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி."

அன்று வகுப்பு வாசல் வரை போனாள். வேலைக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தாள்.

அவளுக்கு வேலை நகரப் பேருந்து டிப்போவில். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று நேர அட்டவணை போடுகிற பிரிவு. மிச்ச நேரத்தில் சம்பளமில்லாத வேலை ஒன்றும் செய்தாள். படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற நர்ஸ்களுக்கு, யார் எந்த வீட்டுக்கு எப்போது போக வேண்டும் என்று சொல்லும் கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்று உண்டு. ஓபன் சோர்ஸ் என்கிறார்களே, அந்த வகை. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம், குறை தெரிந்தால் திருத்தி அனுப்பலாம். அவளுடைய கணவரே அப்படி வீடு வீடாகப் போகிற நர்ஸ்தான். தினமும் அவர் புலம்பியதைக் கேட்டு, ஒருநாள் ஒரு சின்னத் திருத்தம் அனுப்பப் போய், இதற்குள் வந்து சேர்ந்தவள் அவள்.

வெளியார் அனுப்புவதைப் படித்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்ள இப்போது இரண்டே பேர்தான் மிச்சம். ஒருத்தி அவள். அங்கே எல்லோரும் அவளை டைம்டேபிள் என்றுதான் கூப்பிடுவார்கள். இன்னொருவர், அந்தப் புரோகிராமை முதன்முதலில் எழுதியவர். எது வந்தாலும் பாதிக்கு மேல் வெட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார் என்பதால் அவருக்குக் கத்தரி என்று பெயர் விழுந்தது. அது அவர் காதுக்கும் எட்டியது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தன் கணக்கின் பெயரையே கத்தரி என்று மாற்றிக்கொண்டார்.

ஒரு காலத்தில் நிறையப் பேர் திருத்தங்கள் அனுப்பினார்கள். படிக்க ஆளில்லாமல் குவிந்தன. அதற்காகக் கத்தரி ஒரு தானியங்கியை எழுதி வைத்து, அதற்கு வாட்ச்மேன் என்று பெயரும் வைத்தார். சில வாரம் பேச்சுமூச்சில்லாமல் கிடப்பதை வாட்ச்மேன், காலையில் அவள் திரையில் படித்த அந்த வரியைப் போட்டு, தானாகவே மூடிவிடும். பேசாமல் இருந்தது யார் என்று அது பார்க்காது. அனுப்பியவர் அங்கே காத்துக்கொண்டிருப்பார், படிக்க வேண்டிய இவர்கள்தான் படித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் கதவு மூடப்படுவது அனுப்பியவரின் முகத்தில்தான்.

அன்று மதியம் சாப்பாட்டு இடைவேளையில், பேருந்துகளைக் கழுவும் இடத்துக்குப் பின்னால் போய் நின்று கத்தரிக்குப் போன் செய்தாள்.

"டைம்டேபிள், நானே உன்னைக் கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார் அவர். "மாசக் கடைசியில புதுப் பதிப்பு வெளியீடு இருக்கில்ல, அதை விட்டுட்டுப் பூட்டிடலாம்னு பார்க்கிறேன்."

"எதைப் பூட்டுறீங்க அண்ணா?"

"எதையா? கடையைத்தான். எனக்கும் வயசாகுதும்மா. ஆபீஸ்லயும் கம்ப்யூட்டர், வீட்டுக்கு வந்தாலும் கம்ப்யூட்டர். நீயும் நானும் எத்தனை நாளைக்கு இழுக்கிறது?"

"பூட்டிட்டா?"

"இருக்கிறது இருக்கும். புதுசா எதுவும் சேர்க்க மாட்டோம். போன் மாறும், கம்ப்யூட்டர் மாறும், ஒருநாள் ஓடாம நின்னுடும். யாரும் கண்ணீர் விடப் போறதில்லை."

"என் வீட்டுக்காரர் காலைல அதைப் பார்த்துட்டுத்தான் வண்டியை எடுக்கிறார். அவரை மாதிரி எத்தனை ஊர்ல எத்தனை பேரு. காசு கொடுத்து வாங்க முடியாத சின்னச் சின்ன இடம் எல்லாம் இதைத்தான் நம்பியிருக்கு."

"நம்பியிருக்காங்கல்ல, வந்து கை கொடுக்கட்டுமே. நான் யாரையாவது வேண்டாம்னு சொன்னேனா?"

"சொல்லல. எதுவுமே சொல்லல. அதான் தப்பா போச்சு."

பின்னால் தண்ணீர்க் குழாய் பேருந்தின் தகரத்தில் சடசடவென்று அடித்தது.

"சரி, உனக்கும் எனக்கும் ஒரு பேச்சு" என்றார். "மாசக் கடைசிக்குள்ள வெளியாள் ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஒரு வேலையை எடுத்து முழுசா முடிச்சுக் காட்டட்டும். நீ எழுதிக் கொடுத்துட்டு அவங்க பேரைப் போடுற வேலையெல்லாம் கூடாது. முடிச்சுட்டா நான் பூட்டலை. முடியலைன்னா நான் பூட்டும்போது நீ வாயைத் திறக்கக் கூடாது."

"வாட்ச்மேனை இன்னிக்கே நிறுத்திடுறேன் அண்ணா."

"நிறுத்து. குப்பை குவிஞ்சா நீதான் பெருக்கணும்."

"பெருக்குறேன்."

மறுநாளிலிருந்து அடுப்பு பற்ற வைப்பதற்கு முன் லேப்டாப்பைத் திறந்தாள். வாட்ச்மேன் மூடிவைத்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அனுப்பியவர் எழுதியதை முதலில் முழுக்கப் படித்தாள். பிறகுதான் கடிதம். எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அது இன்னொரு வாட்ச்மேன் ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. "தேதியை நீங்கள் பெரிய எழுத்தில் காட்டியது நல்ல யோசனை. நாங்கள் அதைப் படிக்கவே இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். இப்போதும் மனமிருந்தால் வாருங்கள், நான் கூட இருக்கிறேன்." ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தையாவது இருந்தது.

"காலங்காத்தால யாருக்கு இவ்வளவு உருகி உருகி எழுதுற?" என்று பல் துலக்கிக்கொண்டே கணவர் எட்டிப் பார்த்தார்.

"நாங்க துரத்திவிட்டவங்களுக்குங்க."

"ரொம்ப சீக்கிரம் ஞாபகம் வந்துச்சு. அவங்க எல்லாம் வீடு போய்ச் சேர்ந்து, கல்யாணம் கட்டி, பிள்ளையும் பெத்திருப்பாங்க."

அவர் சொன்னது ஏறக்குறைய சரியாகத்தான் இருந்தது. பாதிப்பேர் பதில் போடவே இல்லை. ஒருவர், "அப்போது எனக்கு நேரம் இருந்தது, இப்போது இல்லை" என்று மட்டும் எழுதினார். ஒரு பெண் பக்கம் பக்கமாகத் திட்டியிருந்தாள். டைம்டேபிள் அதையும் உட்கார்ந்து படித்து, திட்டியதில் எதெல்லாம் நியாயம் என்று பதில் எழுதினாள். சிலர், வேறு வேலைக்குப் போய்விட்டதாகவும் கேட்டதற்கு நன்றி என்றும் சொன்னார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் விடாமல் எழுதினாள். கதவைத் திறந்து வைப்பதுதான் நம் கடமை, நடந்து வருவது அவர்கள் கையிலும் கடவுள் கையிலும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அந்தப் பதில்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. "எனக்குச் சிவப்பு வந்தது. எவ்வளவு முயன்றும் என் தவறு எங்கே என்று தெரியவில்லை. அதனால் விட்டுவிட்டேன்." வேறு வேறு ஆட்கள், வேறு வேறு ஊர்கள், ஆனால் சொன்னது ஒன்றேதான்.

யாராவது ஒரு திருத்தம் அனுப்பினால், புரோகிராம் முழுவதும் இன்னும் ஒழுங்காக ஓடுகிறதா என்று கம்ப்யூட்டரே வரிசையாகச் சோதித்துப் பார்க்கும். எல்லாம் சரியென்றால் பச்சைக் குறி வரும். எங்காவது உடைந்தால் சிவப்பு. அந்தச் சோதனைகளில் கடைசி ஒன்று மட்டும் ரொம்ப நாளாகவே சிவப்பு. என்ன அனுப்பினாலும் சிவப்பு, ஒன்றும் அனுப்பாவிட்டாலும் சிவப்பு. அவளுக்கு அது பழகிப்போய், கண்ணில் படுவதே நின்றுவிட்டது. இப்போது எழுதியவர்களில் ஒருவர் தன் வருட விடுமுறை முழுவதையும் அந்தச் சிவப்பைத் தேடியே கழித்திருந்தார்.

அதைப் படித்ததும் கத்தரியைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அந்தக் கடைசிச் சோதனை ஏன் சிவப்பா இருக்கு?"

"அது எப்பவும் சிவப்புதாம்மா. கண்டுக்காத. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"எல்லாருக்கும்னா யாருக்கு?"

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்."

"மத்தவங்களுக்கு?"

அவர் இருமினார்.

"வந்தவங்க எல்லாம் தாங்களே ஏதோ உடைச்சுட்டோம்னு நினைச்சு, தலையைக் குனிஞ்சுட்டுப் போயிருக்காங்க அண்ணா."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்காங்க. கேட்டதையும் சேர்த்துத்தான் நம்ம வாட்ச்மேன் மூடியிருக்கான்."

"சரிம்மா, புரியுது. ஆனா அது ஓடுறது என் வீட்டு அலமாரியில கிடக்கிற பழைய கம்ப்யூட்டர்ல. அதைச் சரி பண்ணணும்னா அடியோட பிரிக்கணும். எனக்கு இப்ப அதுக்குத் தெம்பு இல்லை." குரல் சட்டென்று கடுமையானது. "அதைத் தொடுறதா இல்லை. வேற ஏதாவது பேசு."

அவள் போனை வைத்தாள். புதியவர்கள் முதலில் வந்து இறங்கும் பக்கத்தின் உச்சியில், எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதினாள். "கடைசிச் சோதனை சிவப்பாக வந்தால் அது உங்கள் தவறு அல்ல, எங்களுடையது. சந்தேகம் இருந்தால் கேளுங்கள். பதில் வரும்."

மாலைக்குள் கத்தரியிடமிருந்து செய்தி வந்தது. "வீட்டு வாசல்ல 'இங்க ஒழுகும்'னு போர்டு மாட்டின மாதிரி இருக்கு. மானம் போகுது."

"ஒழுகுதே அண்ணா. வர்றவங்களாவது நனையாம இருக்கட்டும்" என்று பதில் போட்டாள். போர்டை எடுக்கவில்லை.

அந்தப் பலகையைப் பார்த்துத் திரும்பி வந்தவள்தான் அரைத்தூக்கம். அது அவளே வைத்துக்கொண்ட பெயர். வேறொரு ஊரில் நோயாளிகளின் வீடுகளுக்குப் போகிற இரவுப் பணி நர்ஸ். விடிந்து வீட்டுக்கு வந்து, கண் சொருகும்வரை வீடியோ பார்த்துப் பார்த்துப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவள். ஒரு வீட்டில் "இன்று வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் அது அங்கே போக வேண்டிய நர்ஸின் போனுக்கு வந்து சேர வேண்டும் என்பதுதான் முன்பு அவள் அனுப்பி, சிவப்பைக் கண்டு விட்டுவிட்டுப் போன திருத்தம். அதுவரை அப்படி ஒரு வசதி இல்லை. நர்ஸ் அந்த வீட்டு வாசல் வரை போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"மேடம், என் தவறு இல்லை என்று போட்டிருக்கிறீர்களே, அது நிஜமா?" என்று எழுதியிருந்தாள். "நிஜம் என்றால் மறுபடி முயன்று பார்க்கிறேன்."

திரும்பி வந்து முதல் முறை அனுப்பியபோது, ஒரு வீட்டில் வேண்டாம் என்றால் அந்த ஊரில் இருக்கும் அத்தனை நர்ஸ்களின் போனும் மணியடித்தது. இரண்டாம் முறை யார் போனும் அடிக்கவில்லை. டைம்டேபிளே அதைத் திருத்தி எழுதியிருக்கலாம், கை பரபரத்தது. ஆனால் எழுதவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லி, அன்றன்றைக்கே பதில் போட்டாள். டிப்போவில் ஓட்டுநர்கள் அட்டவணை கேட்டு ஜன்னலைத் தட்டும்போதும், மேசைக்கடியில் போனை வைத்துக்கொண்டு "கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள்" என்று அனுப்பினாள்.

வேலை வடிவத்துக்கு வந்துகொண்டிருந்தபோது, எல்லோரும் படிக்கிற பொதுப் பக்கத்தில் கத்தரி ஒரு வரி போட்டார். "பெயருக்கு ஏற்ற வேலை. முழுசாக விழித்துக்கொண்டு எழுதினால் இன்னும் நன்றாக வரும்."

அதற்குக் கீழே இரண்டு பேர் சிரித்துவைத்தார்கள். அரைத்தூக்கம் அதன்பிறகு எதுவும் எழுதவில்லை.

டைம்டேபிள் அவளுடைய போன் எண்ணைக் கேட்டு வாங்கி, பணி முடியும் நேரம் பார்த்து, காலையில் கூப்பிட்டாள். பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறேன் என்றாள் அந்தப் பெண். நல்ல சோர்வு குரலில் தெரிந்தது.

"அக்கா, அவர் சொன்னதுல தப்பில்ல. நான் பாதித் தூக்கத்துலதான் எழுதினேன்."

"எழுதினதுல குறை இருந்தா அதைச் சொல்லட்டும். உங்க தூக்கத்தைப் பத்திப் பேச அவர் யாரு?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "எனக்கு ஒரு நோயாளி இருக்காருக்கா. நான் ஊசியோட உள்ள போனாலே, 'வந்துட்டியா, இன்னிக்கு என்னைக் கொன்னுடுவியா'ன்னு கேப்பாரு. முதல்ல அழுகையா வந்துச்சு. அப்புறம் பார்த்தா பாவம், அவருக்கு அவ்வளவு வலி. உங்க அண்ணாவுக்கு என்ன வலி?"

டைம்டேபிள் திகைத்துப்போனாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. "தெரியலைம்மா" என்றாள் உண்மையாக.

"விடுங்க. நான் வர்றேன். எனக்கு அந்த மெசேஜ் வேணும்க்கா. நேத்துகூட மழையில ஒரு வீட்டுக்குப் போயிட்டு, கதவு பூட்டியிருக்குன்னு திரும்பி வந்தேன். கால் செருப்பு போச்சு."

அடுத்த அழைப்பு கத்தரிக்கு.

"அந்த வரியை எடுத்துடுங்க அண்ணா."

"அது ஜோக்கும்மா. ரெண்டு பேர் சிரிச்சாங்களே."

"யாரைப் பார்த்துச் சொன்னீங்களோ அவங்க சிரிக்கல."

"இப்ப என்ன, கால்ல விழணுமா?"

"வேண்டாம். எடுத்தா போதும். நான் வச்சுடுறேன், வண்டி கிளம்பப் போகுது."

வரியை எடுத்துவிட்டார். ஆனால் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

கத்தரியின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. கட்டட வரைபடம் போடுகிற ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர். மணமாகாதவர், அம்மாவோடு இருந்தவர். அம்மா படுக்கையில் விழுந்தபோது நர்ஸ் எப்போது வருவார், வருவாரா மாட்டாரா என்று வாசலைப் பார்த்துக் காத்திருந்த நாட்களில்தான் இந்தப் புரோகிராமை எழுதத் தொடங்கினார். அம்மா போன பிறகும் எழுதிக்கொண்டே இருந்தார், நிறுத்தினால் வீடு மேலும் அமைதியாகிவிடும் என்பதால். வருஷக்கணக்கில் அவருக்கு வந்த கடிதங்களெல்லாம் அது ஓடவில்லை, இது சரியில்லை என்றவைதான். நன்றி சொல்ல யாரும் மெனக்கெடவில்லை. மனம் காய்ந்தவர் பேச்சில் ஈரம் இல்லாமல் போவது பெரிய அதிசயம் இல்லை. அதனால் அது நியாயமும் ஆகிவிடாது.

வெளியீட்டுக்கு முன் எல்லோரும் ஓட்டிப் பார்க்கட்டும் என்று அவர் ஒரு முன்னோட்டப் பதிப்பை விட்டார். அடுத்த நாளே, அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது தனிச்செய்தி ஒன்று வந்தது.

"சார், வணக்கம். முன்னோட்டத்தில் ஒரு வீட்டை அடுத்த நாளைக்குத் தள்ளிப் போட்டால், அந்த வீடு அட்டவணையிலிருந்தே காணாமல் போவதுபோல் தெரிகிறது. நான் தவறாகவும் பார்த்திருக்கலாம். பொதுவில் போட்டால் பயந்துவிடுவார்கள் என்று உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். அரைத்தூக்கம்."

அவர் அங்கேயே ஓட்டிப் பார்த்தார். உண்மைதான். தள்ளிப்போட்ட வீடு மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. எங்கோ ஒருவர் படுத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார், யாரும் போக மாட்டார்கள். தப்பு அவருடையதுதான். அவரே எழுதிய பகுதி.

டப்பாவை மூடி வைத்தார். அந்தப் பெண் இதைப் பொதுப் பக்கத்தில், அவர் கேலி செய்த அதே இடத்தில் போட்டிருக்கலாம். "முழுசாக விழித்துக்கொண்டு எழுதினீர்களா சார்?" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் ஊரே சிரித்திருக்கும். அவர் வாயடைத்துப் போயிருப்பார். அவள் போடவில்லை. "நான் தவறாகவும் பார்த்திருக்கலாம்" என்று தன் தலையில் போட்டுக்கொண்டல்லவா எழுதியிருக்கிறாள்?

அன்று சாயங்காலத்துக்குள் திருத்திவிட்டார். "நன்றி" என்று அனுப்பினார். அதற்குப் பின்னால் இன்னும் ஏதோ எழுத வேண்டும் போலிருந்தது. எழுதாமல் போனை வைத்தார். டைம்டேபிளிடமும் அவர் இதைச் சொல்லவில்லை.

மாதக் கடைசி நெருங்கியது. வெளியீட்டுக்கு முந்தின நாள் காலையில் அரைத்தூக்கத்திடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, முடித்து அனுப்பிவிட்டேன். கடைசிச் சிவப்பு அப்படியேதான் இருக்கிறது. என் நோயாளிக்கு உடம்பு மோசமாகிவிட்டது. பகலும் கூட இருங்கள் என்று வீட்டார் கேட்கிறார்கள். இனி லேப்டாப்பைத் திறக்க முடியாது. என்னால் ஆனது இவ்வளவுதான்."

டைம்டேபிள் விடுப்பு சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேசையைத் துடைத்து லேப்டாப்பை வைத்தாள். கணவர் கையில் அவருடைய போன். மகளைச் சோபாவில் படுக்கவைத்துப் போர்த்தினார்கள்.

"நீ நோயாளி. அம்மா சொன்னதும் அந்தப் பொத்தானை அமுக்கு."

"எனக்கு இன்னிக்கு ஊசி வேண்டாம்! போ!" என்று கத்திக்கொண்டே மகள் அமுக்கினாள்.

கணவரின் போன் மணியடித்தது. "வந்துடுச்சு! 'இந்த வீட்டுக்கு இன்று போக வேண்டாம்.' அடேயப்பா, இது மட்டும் போன வாரம் இருந்திருந்தா எனக்கு எவ்வளவு பெட்ரோல் மிச்சம்."

"நான் இன்னொரு தடவை வேண்டாம் சொல்றேன்!"

"நீ பொழுதுக்கும் வேண்டாம்தான் சொல்லுவ" என்றார் அவர்.

அவர்கள் எப்படியெல்லாமோ மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அவர்கள் கைக்கெட்டிய வரை எல்லாம் ஓடியது. சிவப்பு மட்டும் அசையாமல் நின்றது. சிவப்பு இருக்கும்போது வெளியீட்டில் எதையும் சேர்க்கக் கூடாது என்பது கத்தரி வைத்த பழைய விதி. அவர் நினைத்தால் தன் கையால் அதை மீறலாம், இதுவரை அப்படித்தான் நடந்தது. அவளால் முடியாது.

அவருக்கு எழுதினாள். "அண்ணா, அவங்க முடிச்சுட்டாங்க. நான் ஒரு வரிகூட எழுதல, சத்தியம். சிவப்பு இருக்கு. அதுக்குப் பின்னால அவங்க தப்பு ஏதாவது ஒளிஞ்சிருக்கான்னு பார்க்கணும்னா, நம்ம தப்பை முதல்ல விலக்கணும். அது உங்க அலமாரியில இருக்கு. நான் கெஞ்ச மாட்டேன். நாளைக்குப் பூட்டினாலும் பேச்சு மாற மாட்டேன். ஆனா அந்தப் பொண்ணுக்கு அது யாரோட சிவப்புன்னு தெரிஞ்சாகணும். அவ்வளவுதான் கேட்கிறேன்."

அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடினாள். கடவுளே, அந்த மனுஷனுக்கு என்ன வலியோ, அதைப் பார்த்துக்கோ என்று மனதுக்குள் ஒரு வார்த்தை சொன்னாள். பிறகு எழுந்து துணி மடிக்கப் போனாள்.

மறுநாள் விடுமுறை நாள். கத்தரி காலையிலேயே அலமாரியைத் திறந்தார். பழைய கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் இழுத்து மேசைமேல் வைத்தார். மேலே தூசி படிந்திருந்தது, உள்ளே மின்விசிறி முனகியது. சோதனையை ஒவ்வொரு அடுக்காகப் பிரித்துக்கொண்டே போனார். அடியில் இருந்தது ஒரு கடிகாரக் கணக்கு.

அம்மாவுக்கு மருந்து நேரம் தவறக் கூடாது என்று அந்தக் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை அவர் வேண்டுமென்றே கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்திருந்தார். அந்தத் தள்ளிவைத்த நேரத்தை நம்பித்தான் சோதனையையும் எழுதியிருந்தார். அம்மா போன பிறகு ஒருநாள், இனி எதற்கு என்று கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு மாற்றிவிட்டார். அன்றிலிருந்து சிவப்பு. அது எதனால் என்று உள்ளூர அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? திறந்து பார்க்கத்தான் மனம் வரவில்லை. அந்த ஒரு மனம் வராமைக்காக எத்தனை பேர் தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறார்கள்.

கணக்கை, எந்தக் கம்ப்யூட்டரின் கடிகாரத்தையும் நம்பாத உலகப் பொது நேரத்துக்கு மாற்றி எழுதினார். ஓட்டினார். வருஷங்களுக்குப் பிறகு அந்த இடத்தில் பச்சை வந்தது.

அடுத்து அரைத்தூக்கத்தின் வேலையை எடுத்து ஓட்டினார்.

சிவப்பு வந்தது. இந்த முறை அது உண்மையாகவே அவளுடையதுதான். நர்ஸ் அன்றைய பணியை முடித்துப் போனை அணைத்துவிட்ட பிறகு ஒரு வீட்டார் வேண்டாம் என்று சொன்னால், செய்தியை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் புரோகிராம் நின்றுவிடுகிறது. ஒரு வரியில் தீர்ந்துபோகிற தப்பு. அவளிடம் திருப்பி அனுப்பினால் அவளே சரிசெய்துவிடுவாள். ஆனால் அவள் இப்போது ஒரு நோயாளியின் பக்கத்தில் இருக்கிறாள். வெளியீடு மாலையில். திருப்பி அனுப்பினால் பேச்சுப்படி எல்லாம் முடிந்தது. யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. புரோகிராமைப் பூட்டுவதற்கான பக்கத்தை அவர் அந்த வாரமே ஒரு ஓரத்தில் திறந்து தயாராக வைத்திருந்தார்.

மறுபடியும் அவளுடைய தனிச்செய்தியை எடுத்துப் படித்தார். "உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்."

அவர் அந்த ஒரு வரியை எழுதினார். எழுதியதை அவளுடைய வேலைக்குள்ளேயே, அவள் எழுதியதோடு எழுதியதாகப் பொருத்தினார். பெயர் இருக்கும் இடத்தில் அரைத்தூக்கம் என்று மட்டும் இருந்தது. அதைத் தொடவில்லை. ஓட்டினார். வரிசை முழுவதும் பச்சை. சேர்த்துக்கொள்ளும் பொத்தானை அழுத்தினார். பிறகு ஓரத்தில் திறந்திருந்த அந்தப் பக்கத்துக்குப் போய், எதையும் அழுத்தாமல் அதை மூடினார்.

போன் அடித்தது. டைம்டேபிள். சேர்ந்துவிட்டதைப் பார்த்திருப்பாள். எடுத்தால், தான் எழுதிச் சேர்த்த அந்த ஒரு வரியைக் குரலே காட்டிக்கொடுத்துவிடும் போலிருந்தது. அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டு, ஈரத்துணியை எடுத்துவந்து பழைய கம்ப்யூட்டரின் தூசியைத் துடைக்க ஆரம்பித்தார்.